இருபதாம் அளவின் உடம்பு

இடுப்பைச் சுற்றி டேப் வந்ததும் எல்லாரும் மூச்சை உள்ளே இழுப்பார்கள். ஒல்லியானவர்களும் இழுப்பார்கள். ஊசி போடும்போது கண்ணை மூடுவதுபோல, அது தானாக நடப்பது. நான் அங்கே வேலை செய்த நான்கு ஆண்டுகளில், டேப் பட்டதும் மூச்சை நிதானமாக வெளியே விட்டு, வயிற்றை அதன் போக்கில் விட்டுவிட்டு நின்றவர் ஒரே ஒருவர்தான். நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிடுவோம்.

"நல்லா விட்டுட்டேன், இப்ப எடு," என்பார். "நான் எக்கிக்கிட்டு நின்னா துணி எக்குன வயித்துக்குத்தான் சரியா வரும். கல்யாணத்துல மூணு மணி நேரம் எக்கிக்கிட்டேவா நிப்பாங்க?"

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் தையலகம் இருந்தது. தையலகம் என்று சொன்னால் முதலாளி மேடத்துக்குப் பிடிக்காது. 'ஹவுஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். வரவேற்பு கவுன், லெஹங்கா, மணி கோத்த ரவிக்கை என்று ஓர் உடுப்புக்கு இரண்டு மாதம் பிடிக்கும் வேலைகள். நான் பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் படித்தவள். பம்புகளுக்கு உறை வரைய வேண்டியவள், கணினியில் ஆடைகளுக்குப் பேட்டர்ன் வரைய வந்து சேர்ந்தேன். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: வளைந்த ஒரு பொருளைத் தட்டையான துண்டுகளாகப் பிரித்து, மறுபடி சேர்த்தால் சரியாக மூட வேண்டும்.

அக்காவின் வேலை, தன் உடம்போடு வந்து நிற்பது. ஒவ்வோர் அளவுக்கும் ஓர் ஆள் உண்டு. மலிவான காடாத் துணியில் வெட்டித் தைத்ததை முதலில் அவர் மேல் போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான் பட்டில் கத்தரி படும். எட்டாம் அளவுக்கு ஒரு பெண், பதினாறுக்கு ஒரு பெண், இருபதுக்கு அக்கா. மார்பு நூற்று இருபத்திரண்டு, இடுப்பு நூற்றுப் பன்னிரண்டு, அதற்குக் கீழே நூற்று முப்பது. எல்லாம் சென்டிமீட்டர். ஹவுஸின் பெரிய அளவு உடுப்புகள் அத்தனையும் இந்த மூன்று எண்களில் நின்றன.

அவர் அங்கே வந்து சேர்ந்த கதையை வெட்டும் மாஸ்டர் எனக்குச் சொன்னார். மாஸ்டர் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைத் தெருவில் முப்பது வருடம் கத்தரி பிடித்தவர். எதையும் பெரிதாக வியக்காதவர், இந்தக் கதையை மட்டும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். ஒரு தள்ளுபடி நாள். அக்கா கிள்ளான் பக்கம் பண்டமாரானிலிருந்து வாடிக்கையாளராக வந்திருக்கிறார். அப்போது அவருக்குத் துறைமுகத்தில் ஒரு லோரி நிறுவனத்தின் கவுண்டரில் வேலை. இருப்பதிலேயே பெரிய அளவு மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு டிரையல் ரூமிலிருந்து வெளியே வந்தார். வயிற்றில் பித்தான் சேரவில்லை. கழுத்து தோளைத் தாண்டி வழிந்தது. கை விரலை மூடிக்கொண்டு தொங்கியது. மற்றவர்களாக இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார்கள். அக்கா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மேடம் முன்னால் போய் நின்றாராம்.

"மேடம், நான் குண்டுதான், ஒத்துக்குறேன். ஆனா குண்டானா கை நீளமாவும்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

உண்மையில் யாரும் சொல்லவில்லை. எட்டாம் அளவின் பேட்டர்னைக் கணினி எல்லாப் பக்கமும் சம அளவில் ஊதிப் பெரிதாக்கியிருந்தது. சதை கூடினாலும் எலும்பு நீளாது என்பது கணினிக்குத் தெரியாது. அதை ஓட்டிய ஆளுக்கும் தெரியவில்லை. மேடம் ஒரு வாரம் கழித்து அக்காவுக்குப் போன் செய்தார்.

நான் சேர்ந்தபோது அவர் மூன்றாவது வருடத்தில் இருந்தார். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னிக்கு எதுக்குள்ள என்னைப் போடப் போறீங்க?" என்று கேட்பார். உடம்பைப் பற்றிப் பேசுவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது, பெருமையும் கிடையாது. ஒரு மெக்கானிக் தன் ஸ்பேனரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். "எடது கை வலதவிட ஒரு சென்டி ஜாஸ்தி, பாத்துக்க." "முதுகுல ரெண்டு மடிப்பு இருக்குலா, ஜிப்ப அதுக்கு மேல நிறுத்து."

நின்று காட்டுவதோடு அவர் வேலையை முடிக்க மாட்டார். உட்காருவார். ரயிலில் கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையைத் தூக்குவார். குனிந்து, இல்லாத குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடுவார். இலை போட்டுச் சாப்பிடுவதுபோல முன்னால் சாய்வார். எங்கே பிடிக்கிறது, எங்கே ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே செய்வார். நான் அதையெல்லாம் ஒரு பட்டியலாக்கி, பதினான்கு வரி, அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். அவர் படித்துப் பார்த்தார்.

"பதினஞ்சாவது எழுது தங்கச்சி. தும்மணும்."

"தும்மலா அக்கா?"

"ஏன், பட்டுப் பொடவ கட்டுனவளுக்குத் தும்மல் வராதா?"

எழுதினேன். அந்தப் பதினைந்தாவது சோதனையில் பிறகு இரண்டு உடுப்புகளின் கொக்கி தெறித்தது.

ஒருமுறை துணி எடுக்க மஸ்ஜித் இந்தியாவுக்கு அவரோடு போனேன். கடைக்காரர் அவரைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, கேட்காமலேயே கறுப்பும் நேவி புளூவுமாக எடுத்துப் போட ஆரம்பித்தார்.

"அக்கா, டார்க் கலரா எடுங்க. ஒல்லியா காட்டும்."

"யாருக்குண்ணே காட்டணும்?"

"பாக்குறவங்களுக்குத்தான்."

"பாக்குறவங்க கண்ணாடி போட்டுக்கட்டும். மேல ஒரு மஞ்ச இருக்குல்ல, பெரிய பூ போட்டது, அத எறக்குங்க."

"அது ரொம்பப் பெரிய பூவுக்கா."

"இருக்கட்டுமேண்ணே. எடம் இல்லாமயா இருக்கு?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். அக்கா அந்தத் துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றபோது அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. சின்னப் பூவாக இருந்தால் தையலுக்குத் தையல் வெட்டுப்பட்டு, அகலமான முதுகில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பெரிய பூ வெட்டுப்படாமல் முழுதாக நின்றது. அந்த மஞ்சள் பட்டு பிறகு கவுனாகி, அவர் மேல் மூன்று தடவை ஏறி இறங்கி, வேறு ஒருவருக்கு விற்றுப்போனது. எல்லாமே அப்படித்தான். ஹவுஸின் மிக விலை உயர்ந்த உடுப்புகளை முதலில் போட்டவர் அவர். எதையும் போட்டுக்கொண்டு அவர் படி இறங்கியதில்லை.

அது அவருக்குக் குறையாகத் தெரிந்ததா என்று ஒருநாள் கேட்டேன். வாயில் இருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க போனாலும் துணி சரியா இருக்கும், நான்தான் தப்பா இருப்பேன். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா சோறு போடுறதுக்கு முன்னாடி 'கொஞ்சம் கொறைக்கலாம்ல'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. இங்க மட்டும்தான் நான் சரி, துணி தப்பு. அது போதும்லா."

மாதத்தின் முதல் திங்கட்கிழமை மூன்று பெண்களையும் அளந்து கோப்பில் எழுதுவது என் வேலை. அக்காவின் இடுப்பு வரிசை இப்படி இருக்கும்: நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினொன்றரை, நூற்றுப் பதிமூன்று, மறுபடி பன்னிரண்டு. உடம்பு என்றால் அப்படித்தான். உப்பு, தூக்கம், மாதவிலக்கு என்று எதற்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆடும். என் நான்காவது வருடத்தில் அந்த ஆட்டம் நின்றது. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. ஐந்து மாதம். ஒரு வரிசை அப்படி வந்தால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். புது டேப் வாங்கினேன். அதிலும் பன்னிரண்டு.

அதன் பிறகு கவனித்தவை மூன்று. அவர் இனிப்பும் பாலுமான தே தாரிக் குடிப்பதை விட்டு, சர்க்கரை போடாத தே ஓ கோசோங்குக்கு மாறியிருந்தார். ஏர்கோன் குளிர்கிறது என்று சொல்லி, அளவுக்கு நிற்கும்போது தடித்த உள்சட்டை போட்டிருந்தார். மூன்றாவது, ஒருநாள் மாஸ்டரின் கை தவறி ஒரு குண்டூசி அவருடைய இடுப்பில் தலைவரை இறங்கியது. அக்கா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே நின்றார்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு டிரையல் ரூமுக்குள் போனேன்.

"அக்கா, ஊசி குத்துச்சே, வலிக்கலயா?"

"எங்க?"

தொட்டுக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார். திரையை இழுத்து மூடிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அஞ்சு மாசமா ஒரே நம்பர்."

"ஒரே நம்பர்தானே வேணும் உங்களுக்கு? அதுக்குத்தானே இவ்ளோ பாடுபட்டேன்."

"அப்படி வராதுக்கா. ரெண்டு சென்டி ஆடணும்."

"அலாமாக், அத யோசிக்கலயே." கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு உள்சட்டையைத் தூக்கிக் காட்டினார். எங்கள் ஹவுஸின் பஞ்சுத் தாளையே வாங்கி, மார்பு முதல் இடுப்புக்குக் கீழே வரை, நான்கு அடுக்காக, ஓரத்தில் மெலிந்து நடுவில் தடிக்குமாறு தைத்திருந்தார். தையல் சீராக இருந்தது. உள்ளே அவருடைய சொந்த இடுப்பு வேறு எங்கோ இருந்தது.

கிள்ளானில் அரசாங்க கிளினிக்கில் சர்க்கரை என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படியே விட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். அக்கா தினமும் விடியற்காலையில் வீட்டுக்குப் பக்கத்துத் திடலைச் சுற்றி நடந்து, சோற்றைப் பாதியாக்கி, பதினொரு கிலோ குறைத்திருந்தார். குறையக் குறைய ஓர் அடுக்கு சேர்த்தார்.

"நல்ல விஷயம்தானேக்கா?"

"காலுக்கு நல்ல விஷயம்." உள்சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். "இருபதுக்கு இருபதா இருக்கணும். இல்லாட்டி நான் இங்க எதுக்கு? மறுபடியும் கவுண்டர்ல போய் ஒக்காரணும். மேடம்கிட்ட சொல்லுவியா?"

சொன்னால் என்ன கெடும், சொல்லாவிட்டால் என்ன கெடும் என்று மனதில் இரண்டு பத்தி போட்டுப் பார்த்தேன். இரண்டாவது பத்தியில் எதுவும் தோன்றவில்லை. பஞ்சு, சதை மாதிரி நடந்துகொள்ளாது என்பது அங்கே முதல் வரியாக வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை நூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதினேன். அவருக்குப் பாடம் ஏறியிருந்தது. அதற்கடுத்த மாதம் நூற்றுப் பதினொன்றரை வந்தது.

பூச்சோங்கிலிருந்து ஒரு மணப்பெண். பல் டாக்டர். வரவேற்புக்கு, உள்ளே விலா எலும்புபோல வளைந்த கம்பிகள் வைத்த, உடம்போடு ஒட்டிய கவுன் கேட்டிருந்தார். அவர் எங்கள் இருபதாம் அளவேதான், எண்ணுக்கு எண். அதனால் பாதி வேலை அக்கா மேலேயே நடந்தது. பதினைந்து சோதனையும் தேறியது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது அவர் தன் அம்மாவோடு வந்து அதைப் போட்டுக்கொண்டார். நின்றபோது மிக அழகாக இருந்தது. மாஸ்டர்கூட எழுந்து வந்து பார்த்தார். பிறகு மேடம் அவரை உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்த டாக்டரின் முகம் மாறியது. இடுப்புத் தையல் வயிற்றுக்குள் இறங்கியது. கம்பிகள் மார்புக்குக் கீழே ஏறி நின்றன. அவரால் முழு மூச்சு விட முடியவில்லை.

"சாரி மேடம்," என்றார். "எடை போட்டிருப்பேன் போல. என் மேலதான் தப்பு. மூணு வாரத்துல கொறச்சிடறேன்."

"படிச்சிப் படிச்சிச் சொன்னேன்," என்றார் அவருடைய அம்மா. "ரொட்டி சானாய விடுடி, விடுடின்னு. கேட்டியா? இப்ப மேடத்துக்கு எவ்ளோ கஷ்டம் பாரு."

"சாரிம்மா."

அவர் எடை போட்டிருக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அளந்திருந்தேன். அதே எண்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. உட்காரும்போது வயிறு பக்கவாட்டில் விரியும், மேலே ஏறும். நின்ற அளவைவிட ஒரு கை அகலம் கூடக் கேட்கும். அக்காவின் பஞ்சு விரியவில்லை. விரியாத வயிற்றில் நாங்கள் அந்த கவுனைத் தேற்றியிருந்தோம். நான் மேடத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன்.

அக்கா கையில் குண்டூசித் திண்டோடு சுவரோரம் நின்றிருந்தார். டாக்டர் மூன்றாவது தடவை சாரி சொன்னபோது திண்டை மேசையில் வைத்தார்.

"எந்திரிங்க டாக்டர். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. துணி தப்பு. நான் பண்ணுன தப்பு."

திரைக்குப் பின்னால் போனார். நாடா அவிழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவருடைய பாஜு மேல்சட்டை தோளிலிருந்து நேராகத் தொங்கியது, உள்ளே ஆள் பாதிதான் இருப்பதுபோல. கையில் இருந்ததை வெட்டும் மேசைமேல் வைத்தார். அது கொஞ்சம் அசைந்து, அவருடைய பழைய இடுப்பின் வளைவிலேயே நின்றது.

"மேடம், இந்த கவுன நீங்க இதுக்குத்தான் தச்சீங்க. இது ஒக்காராது. அவங்க ஒக்காருவாங்க."

டாக்டரின் அம்மா, "என்னா இது?" என்று மெதுவாகக் கேட்டார். டாக்டர் அந்தப் பஞ்சையும் அக்காவையும் பார்த்துவிட்டு, தன் கையைக் கவுனின் இடுப்புத் தையலில் வைத்துக்கொண்டார். "அப்ப நான் கொறைக்க வேணாமா?" என்றார்.

"ஒண்ணும் கொறைக்காதீங்க," என்றார் அக்கா. "அவங்க பிரிச்சி, ஒங்க மேலயே வெட்டித் தருவாங்க. ஒக்காந்த மாதிரியே அளவெடுக்கச் சொல்லுங்க."

மேடம் பஞ்சை எடுத்துத் திருப்பி, ஓரத் தையலை விரலால் தடவினார். "யார் தச்சது?"

"நான்தான் மேடம்."

"நல்லாத் தச்சிருக்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆறு வாரமா."

மேடம் டாக்டரையும் அம்மாவையும் முன்னறைக்கு அனுப்பி, தேநீர் கொடுக்கச் சொன்னார். எனக்கு, "டேப் எடு," என்றார்.

அளந்தேன். மார்பு நூற்றுப் பதிமூன்று. இடுப்பு நூற்று ஒன்று. கீழே நூற்று இருபத்தொன்று. ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன்.

"பதினாறு," என்றார் மேடம். "பதினாறுக்கு நமக்கு ஆள் இருக்கே."

"தெரியும் மேடம்."

"இருபது இல்லாம நான் ஒன்ன என்ன பண்ண?"

"தெரியும்லா மேடம். நான் ஒண்ணும் கேக்கல."

மேடம் பஞ்சை மேசையிலேயே வைத்துவிட்டு, கவுனைப் பிரிப்பது பற்றிப் பேச மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார். அக்கா தன் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்தார். ஆணியிலிருந்து கைப்பையை எடுத்து, பாஜுவைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார். அது மறுபடி சரிந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து என் மேசைமேல் கையை ஊன்றினார்.

"தங்கச்சி, இப்ப படிச்சியே மூணு நம்பரு, அத ஒரு தாள்ல எழுதிக் குடு. வியாழக்கெழம எனக்கு கிளினிக்கு. அங்க நர்ஸு மிஸ்ஸி எடைய மட்டும்தான் பாப்பா, டேப் வச்செல்லாம் பாக்க மாட்டா."

எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"பழச எழுதலயே? பக்கத்துல அதையும் எழுது. எங்கேருந்து எங்க வந்திருக்கேன்னு தெரிய வேணாமா?"

பழையதையும் எழுதினேன். இடுப்பு வரிசையில் விரலை வைத்து, உதட்டை அசைத்துக் கழித்துப் பார்த்தார்.

"பதினொண்ணு! மிஸ்ஸி பாத்தா கை தட்டுவா," என்றார். "கையெழுத்துப் போடு, தேதி போடு. நானே எழுதிக்கிட்டு வந்தேன்னு நெனச்சிடப் போறா."